நாளைக்கே வேலையை விட்டுவிடலாமா? நோட்டீஸ் கொடுக்காமல் விலகும் முன் பார்க்க வேண்டியவை

நாளைக் காலை அந்த ஆபீஸுக்குப் போகப் பிடிக்கவில்லை. போகாமலே இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று படுக்கையில் புரண்டபடி போனில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். நானும் ஒரு இரவு இப்படித் தேடியவன்தான். மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரம், அடையாள அட்டையைக் கழற்றி கீபோர்டு மேல் வைத்துவிட்டுப் படியிறங்கினேன். லிஃப்டில் போனால் யாராவது பார்த்து எங்கே என்று கேட்பார்களே என்ற பயம். ஏழு மாடி. அதற்கான பில் மூன்று வருஷம் கழித்து வந்தது. அந்தக் கதை பின்னால்.

முதல் வேலையில் இருப்பவர்கள் இரண்டு விஷயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். நோட்டீஸ் காலத்தில், அதாவது விலகுவதாகச் சொன்ன பிறகும் ஒப்பந்தப்படி இருக்க வேண்டிய நாட்களில், வேலை பார்க்காமல் விலகுவது ஒன்று. சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போவது இன்னொன்று. 'இன்றோடு நான் விலகுகிறேன்' என்று ஒரு மெயில் எழுதினால், ஒப்பந்தப்படி சில நாள் சம்பளத்தைக் கட்டச் சொல்வார்கள், அல்லது விட்டுவிடுவார்கள். மெயில் இல்லாமல் போனால் உங்கள் ஃபைலில் 'அப்ஸ்காண்டிங்', அதாவது சொல்லாமல் ஓடிப்போனவர், என்று ஏறும். முன்கூட்டிச் சொல்லாமல் வேலையை விட்டவர்கள் படும் பாட்டில் பெரும்பகுதி இந்த இரண்டாவது வகையால் வருவது. ஆகவே விடலாமா என்ற முடிவு எதுவாக இருந்தாலும், எழுதாமல் காணாமல் போவது மட்டும் வேண்டாம்.

இனி முடிவுக்கு வருவோம்.

முதல் படி: எதனால் ஓடத் தோன்றுகிறது?

ஒரு வெள்ளைத்தாளில் காரணங்களை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எப்போது நடந்தது என்று தேதி போடுங்கள். மனசுக்குள் வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒரே பெரிய மேகமாகத்தான் தெரியும். தேதி போட்டால்தான் பிரிந்து நிற்கும்.

கை ஓங்கினார்கள், பாலியல் தொந்தரவு, பாதுகாப்பு இல்லாத இயந்திரத்தில் ஏறச் சொல்கிறார்கள், பொய்க் கணக்கில் கையெழுத்துக் கேட்கிறார்கள், சம்பளம் இரண்டு மாதமாக வரவில்லை, பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு தர மறுக்கிறார்கள். உங்கள் தாளில் இவற்றில் ஒன்று இருந்தாலும் நோட்டீஸ் கணக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் அந்த இடத்தை விட்டு வெளியே வாருங்கள், வீட்டில் ஒருவருக்குச் சொல்லுங்கள். உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையிடத்தை விட்டு விலகியவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு உடன்படிக்கை, எண் 155, சொல்கிறது. வன்முறை, துன்புறுத்தல் பற்றிய 2019ஆம் ஆண்டு உடன்படிக்கை, எண் 190, அதே உரிமையை அந்தச் சூழலுக்கும் நீட்டுகிறது. உங்கள் நாடு இவற்றை ஏற்றுக்கொண்டதா, உள்ளூர்ச் சட்டம் என்ன என்பதைத் தொழிலாளர் துறையில் கேட்டுக்கொள்ள வேண்டும். அடையாள ஆவணங்களைப் பிடித்து வைப்பதைக் கட்டாய உழைப்பின் அறிகுறிகளில் ஒன்றாக அதே அமைப்பு பட்டியலிட்டிருக்கிறது. 'எல்லாரிடமும் வாங்கித்தான் வைக்கிறோம்' என்று சாதாரணமாகச் சொன்னாலும் அது சாதாரணம் ஆகிவிடாது.

உடல்நலம் தனி. காலையில் கிளம்பும்போது வாந்தி வருகிறது, மூன்று வாரமாகத் தூக்கம் இல்லை என்றால் ராஜினாமாவுக்கு முன் டாக்டரைப் பாருங்கள். வேலையை விட்ட பிறகு போனால் வெறும் சிகிச்சை. விடுவதற்கு முன் போனால் சிகிச்சையோடு மெடிக்கல் லீவும் கிடைக்கலாம். முடிவெடுக்கத் தேவையான பத்து நாள் நிதானம் அந்த லீவில் இருக்கிறது.

மற்ற காரணங்கள்: மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் திட்டினார், அப்ரைசலில் கழுத்தறுத்தார்கள், புது கம்பெனி திங்கட்கிழமையே வரச் சொல்கிறது, வேலை வெறுத்துவிட்டது. இவையும் வேலையை விட நியாயமான காரணங்கள்தான், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நாளைக்கே விட வேண்டிய காரணங்களா? தாளில் உள்ள தேதிகளைப் பாருங்கள். எல்லாமே இந்த வாரத்துத் தேதி என்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கடத்திவிட்டு அதே தாளை மறுபடி எடுங்கள். எனக்கு அன்று இருந்தது ஒரே ஒரு தேதி. முந்தின நாள்.

இரண்டாம் படி: ஆஃபர் லெட்டரைத் தோண்டி எடுங்கள்

சேர்ந்த அன்று சந்தோஷத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்ட காகிதம் அது. இப்போது படியுங்கள். தேட வேண்டியது இவ்வளவுதான்: நோட்டீஸ் எத்தனை நாள், புரபேஷனில் (தகுதிகாண் காலத்தில்) இருந்தால் எத்தனை நாள், நோட்டீஸுக்குப் பதிலாகச் சம்பளம் கட்டி விலக இடமிருக்கிறதா, அந்தச் சம்பளம் அடிப்படைச் சம்பளமா மொத்தச் சம்பளமா. கடைசி வார்த்தையில்தான் தொகை பாதியாகும் அல்லது இரட்டிப்பாகும்.

அதோடு பாண்ட் (இத்தனை காலம் இருப்பேன் என்று எழுதிக்கொடுத்தது), பயிற்சிச் செலவு, சேரும்போது கொடுத்த போனஸ், வீடு மாற்றிக்கொள்ளக் கொடுத்த பணம். இவற்றில் ஏதாவது 'ஓர் ஆண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும்' என்ற நிபந்தனையோடு வந்திருக்கும். நோட்டீஸைவிட இது பெரிய தொகையாக இருப்பது உண்டு.

காகிதத்தில் எதுவும் இல்லை என்றால் நாட்டின் சட்டம் பேசும், அது இடத்துக்கு இடம் ரொம்பவே மாறும். சிங்கப்பூரில் வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ் வருபவர், ஒப்பந்தத்தில் நோட்டீஸ் பற்றி எதுவும் இல்லாவிட்டால், 26 வாரத்துக்குக் குறைவாக வேலை பார்த்திருக்கும்போது 1 நாள் முன்னால் சொன்னால் போதும். 5 ஆண்டு தாண்டியவருக்கு 4 வாரம். மலேசியாவின் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதே நிலையில் 4 வாரத்தில் தொடங்கி, 5 ஆண்டு தாண்டினால் 8 வாரம். பிரிட்டனில் ஒரு மாதம் வேலை பார்த்தவர் குறைந்தது 1 வாரம் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் பொது விதி 4 வாரம், அதுவும் 15ஆம் தேதியிலோ மாதக் கடைசியிலோ முடிய வேண்டும். புரபேஷனில் 2 வாரம். ஐக்கிய அரபு அமீரகத்தில் 30 நாளிலிருந்து 90 நாள் வரை. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் நோட்டீஸே சட்டப்படி கட்டாயமில்லை. எல்லோரும் சொல்லும் அந்த இரண்டு வாரம் வெறும் வழக்கம். ஆகவே வேறு நாட்டில் இருக்கும் நண்பர் 'நான் ஒரே நாளில் வந்துட்டேன்' என்று சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், அதை நம்பி இறங்காதீர்கள்.

கடுமையான காரணம் இருந்தால் நோட்டீஸ் இல்லாமலே விலக வழி வைத்திருக்கும் சட்டங்களும் உண்டு. ஆனால் கெடு உண்டு. ஜெர்மனியில் அந்தக் காரணம் தெரிந்த 2 வாரத்துக்குள் விலக வேண்டும். ஆறு மாதம் பொறுத்துக்கொண்டுவிட்டு ஏழாம் மாதம் அதையே காட்டினால் 'இத்தனை நாள் எப்படி இருந்தீர்கள்?' என்ற கேள்வி வரும்.

சட்டத்தைப் பற்றி ஒரு பயத்தை மட்டும் போக்கிவிடுகிறேன். பொதுவாக எந்த நீதிமன்றமும் உங்களைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அந்த நாற்காலியில் உட்கார வைக்காது. ஒப்பந்தத்தை மீறினால் பேச்சு பணத்தைப் பற்றித்தான். 'போலீஸில் கொடுப்போம்' என்று மேனேஜர் மிரட்டினால், எதற்காக, எந்தச் சட்டத்தின் கீழ் என்று மெயிலில் எழுதித் தரச் சொல்லுங்கள். அதற்கு அநேகமாகப் பதில் வராது. விசா அந்த முதலாளியோடு கட்டியிருந்தால் மட்டும் கதை வேறு: வேலை முடியும் நாளில் அந்த நாட்டில் தங்கும் உரிமைக்கும் கெடு தொடங்கிவிடும். அந்த நிலையில் இருப்பவர்கள் தொழிலாளர் அமைச்சகத்திலோ விசா தெரிந்த வக்கீலிடமோ பேசாமல் ஓர் அடி எடுக்கக்கூடாது.

மூன்றாம் படி: பேனாவால் ஒரு கணக்கு

தலைக்குள் போடும் கணக்கு எப்போதும் நமக்குச் சாதகமாகவே வரும். தாளில் போடுங்கள். மாதச் சம்பளம் 30,000 என்று வைத்துக்கொள்வோம், எந்த நாட்டுப் பணமானாலும் சரி. நாளுக்கு 1,000. நோட்டீஸ் 60 நாள் என்றால் 60,000. எடுக்காத லீவ் 12 நாள் இருக்கிறது, அதைக் கழித்துக்கொள்ள ஒப்பந்தம் இடம் தருகிறது என்றால் 48,000. இந்த மாதம் 18 நாள் வேலை பார்த்தாயிற்று, அந்த 18,000 அவர்கள் கையில் இருக்கிறது. ஆக, நாளைக்கே போனால் அவர்கள் உங்களிடம் கேட்கக்கூடியது 30,000. உங்கள் ஒரு மாதச் சம்பளம்.

இது பாதிதான். இன்னொரு பாதியில் உங்கள் மாதச் செலவை எழுதுங்கள்: வாடகை, கடன் தவணை, வீட்டுக்கு அனுப்பும் பணம். கையிருப்பை அதனால் வகுத்தால் எத்தனை மாதம் தாங்கும் என்று வரும். அடுத்த வேலை கையில் இல்லாமல் விலகுபவருக்கு அந்த எண் மூன்றுக்குக் கீழே இருந்தால் நான் 'இரு' என்பேன், ஆபத்துக் காரணம் இல்லாதவரை.

வேலையில்லாதோர் உதவித்தொகை இருக்கும் நாடுகளில் இன்னொரு பொறி உண்டு. தக்க காரணம் இல்லாமல் தானாக விலகியவருக்கு அது தள்ளிப்போகும் அல்லது கிடைக்காது. ஜெர்மனியில் பொதுவாக 12 வாரம் நிறுத்தி வைப்பார்கள். கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் கடைசி வேலை நாளோடு போய்விடும். பாதியில் நிற்கும் பல் சிகிச்சையோ, தள்ளிப்போட்ட ஸ்கேனோ இருந்தால் முதலில் அதை முடியுங்கள். பணிக்கொடை, போனஸ், ஊக்கத்தொகைக்குத் தகுதித் தேதி எது என்றும் பாருங்கள். பதினோரு நாள் முன்னால் விலகி ஒரு வருஷ போனஸை விட்டவரை எனக்குத் தெரியும். இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

நான்காம் படி: நடுவில் இருக்கும் வழிகள்

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்ததே இந்த இடத்தில்தான் இருக்கிறது. முழு நோட்டீஸையும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டுவது, நாளைக்கே போய்விடுவது. ராத்திரி பதினோரு மணிக்கு இந்த இரண்டு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். காலையில் எச்.ஆர். மேஜை முன் உட்கார்ந்தால் இன்னும் நாலைந்து தெரியும்.

நோட்டீஸ் காலத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம். '60 நாள் முடியாது, 20 நாள் இருந்து என் வேலையை முழுக்க ஒப்படைக்கிறேன்' என்று தேதியோடு கேட்டால் ஒப்புக்கொள்ளும் இடங்கள் நிறைய. கிளம்ப முடிவு செய்தவரை இரண்டு மாதம் வைத்திருப்பதால் மேனேஜருக்கும் பெரிய லாபம் இல்லை. பாக்கி லீவை நோட்டீஸில் கழிக்கச் சொல்லலாம். நோட்டீஸ் பணத்தைக் கட்டி, அதற்கு ரசீது வாங்கிக்கொண்டு, மரியாதையாக வெளியே வரலாம். புது கம்பெனி அவசரப்பட்டால் அந்த 'பை-அவுட்' தொகையை அவர்களையே தரச் சொல்லிக் கேட்கலாம். புதுசாக வேலைக்கு வருபவர்கள் இதைக் கேட்கவே கூச்சப்படுகிறார்கள். ஆளெடுக்கும் வேலையில் இருப்பவருக்கு இது தினமும் காதில் விழும் கேள்வி.

பிரச்சினை ஒரே ஒரு ஆள் என்றால், நோட்டீஸ் முடியும்வரை வேறு டீமில் போடச் சொல்லலாம், வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கேட்கலாம், சம்பளமில்லா விடுப்பு கேட்கலாம். ராஜினாமாவைக் கொடுத்துவிட்டாலே மனசு பாதி லேசாகிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். கடைசித் தேதி காலண்டரில் வந்துவிட்டால் அதே மேனேஜரின் அதே திட்டு வேறு மாதிரி கேட்கும். சிலருக்கு அது போதும்.

கேட்பதை வாயால் கேட்டுவிட்டு, அன்றைக்கே மெயிலில் 'நாம் பேசியபடி' என்று தொடங்கி எழுதிவிடுங்கள். வாய்ச்சொல் எச்.ஆர். ஆள் மாறினால் காணாமல் போகும்.

ஐந்தாம் படி: போவது என்று முடிவானால்

ஆபத்துக் காரணம் இருக்கிறது, அல்லது கணக்கெல்லாம் போட்டும் நாளையே போவதுதான் சரி என்று வந்துவிட்டது. சரி, போங்கள். வரிசை முக்கியம்.

கடிதம் அனுப்பும் முன் உங்களுடைய காகிதங்களை எடுத்து வையுங்கள்: ஆஃபர் லெட்டர், சம்பளச் சீட்டுகள், வரிப் படிவங்கள், லீவ் பாக்கி காட்டும் திரையின் படம், வருங்கால வைப்பு நிதி போன்ற கணக்குகளின் எண். ராஜினாமா மெயில் போன பத்து நிமிஷத்தில் உங்கள் லாகின் மூடப்படலாம். புகார் இருந்தால் அது சம்பந்தமாக உங்களுக்கு வந்த செய்திகளும் வேண்டும். ஆனால் கம்பெனியின் ஃபைல்களை, வாடிக்கையாளர் பட்டியலை, நீங்களே எழுதிய புரோகிராமைக்கூடச் சொந்த மெயிலுக்கு அனுப்பிவிடாதீர்கள். அதுவரை உங்கள் பக்கம் இருந்த நியாயம் அந்த ஒரு ஃபார்வேர்டில் திருட்டுப் புகாராகத் திரும்பும்.

கடிதம் குட்டியாக இருக்கட்டும். இப்படி:

'நான் வகிக்கும் பொறுப்பிலிருந்து இன்று, இந்தத் தேதி முதல் விலகுகிறேன். நோட்டீஸ் காலத்தில் பணியாற்ற இயலாத நிலையில் இருக்கிறேன். ஒப்பந்தப்படி உரிய கணக்கைத் தெரிவிக்கவும். என்னிடம் உள்ள லேப்டாப், அடையாள அட்டை ஆகியவற்றை எங்கே, யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று எழுதவும். நிலுவைச் சம்பளத்தையும் பணி விடுவிப்புக் கடிதத்தையும் எதிர்பார்க்கிறேன்.'

மேனேஜருக்கும் எச்.ஆருக்கும் ஒன்றாக அனுப்பி, சொந்த மெயிலுக்கு ஒரு பிரதி. வாட்ஸ்அப்பில் சொன்னால் சொன்னதாக வைத்துக்கொள்ள முடியாது. மேனேஜரின் குணநலன் பற்றிய பத்தி வேண்டாம், எழுதத் துடிக்கும், எழுதி அழித்துவிடுங்கள். துன்புறுத்தலோ சம்பள பாக்கியோ காரணம் என்றால் மட்டும் முதல் படியில் எழுதிய தாளிலிருந்து தேதியும் சம்பவமும் இரண்டு மூன்று வரியில் வரட்டும். பின்னால் புகார் கொடுக்க நேர்ந்தால், விலகிய அன்றே நீங்கள் எழுதியது இது என்று காட்டலாம்.

ஷிப்டில் இருப்பவர்கள், நர்ஸ், டிரைவர், குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர், இயந்திரம் ஓட்டுபவர்: உங்கள் உயிருக்கே ஆபத்து என்றால் தவிர, அந்த ஷிப்டை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டே நகருங்கள். உங்கள் கோபம் மேனேஜர் மேல். படுக்கையில் கிடப்பவருக்கு அதில் சம்பந்தம் இல்லை. உரிமம் தேவைப்படும் தொழில்களில் பாதியில் விட்டுப் போனது உரிமத்துக்கே வினையாகலாம்.

லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அதன் பின்பக்க சீரியல் எண் தெரிய ஒரு படம், சார்ஜரோடு ஒரு படம், வாங்கியவரின் கையெழுத்து. கூரியரில் அனுப்பினால் ரசீது. அது இல்லாமல் விட்டால் கடைசியாகத் தீர்க்கும் செட்டில்மென்ட் கணக்கில் லேப்டாப் விலையையும் சேர்த்து அனுப்புவார்கள்.

அப்புறம்

என் கதைக்கு வருகிறேன். படியிறங்கிப் போனவன் மூன்று வருஷம் நன்றாகவே இருந்தேன். சின்ன இடங்களில் யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. பிறகு நல்ல வேலை ஒன்று கிடைத்தது, ஆஃபர் கையில் வந்தது, சேர்ந்து நாலாவது நாள் எச்.ஆர். அழைத்தார். பழைய இடத்தில் நான் விலகிய தேதி என்று ரெஸ்யூமில் போட்டதும், அவர்கள் வெரிஃபிகேஷனில் கொடுத்த தேதியும் பதினேழு நாள் வித்தியாசம். காரணம் என்ற கட்டத்தில் 'அப்ஸ்காண்டிங்'. ரிலீவிங் லெட்டர், அதாவது பணி விடுவிப்புக் கடிதம், எங்கே என்று கேட்டார். வாங்கவே இல்லை. பழைய ஆபீஸுக்கு மெயில் மேல் மெயில் போட்டு, நோட்டீஸ் பணத்தை மூன்று வருஷம் கழித்துக் கட்டி, ஒரு கடிதம் வாங்க ஐந்து வாரம் ஆனது. அந்த ஐந்து வாரமும் புது இடத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு கண் இருப்பது போலவே இருந்தது. படியிறங்கிய அன்று இரண்டு வரி மெயில் போட்டிருந்தால் அந்தக் கட்டத்தில் 'ராஜினாமா' என்று இருந்திருக்கும்.

அதனால் விலகிய பின் உங்களுக்கு இருக்கும் வேலை இது. செட்டில்மென்ட் கணக்கு வந்ததும் மூன்றாம் படியில் போட்ட கணக்கோடு ஒத்துப் பாருங்கள். உழைத்த நாள் சம்பளம் உங்களுடையது. பிடித்திருந்தால் எந்த விதிப்படி என்று கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் தொழிலாளர் துறைக்குப் போகலாம், பல இடங்களில் வக்கீல் இல்லாமலே மனு கொடுக்கலாம். ரிலீவிங் லெட்டருக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை நினைவூட்டல் மெயில் போடுங்கள், ஒரே மெயில் தொடரில். ரெஸ்யூமில் கடைசி நாள் என்று கடிதத்தில் எழுதிய அதே தேதி. அடுத்த இன்டர்வியூவில் கேட்டால், 'நோட்டீஸ் காலம் முழுதும் இருக்க முடியவில்லை, எழுத்தில் தெரிவித்துக் கணக்கை முடித்துவிட்டேன்' என்று ஒரே வாக்கியம். பழைய முதலாளியின் கதையைத் தொடங்கினால் நிறுத்த முடியாது.

பழைய டீமிலிருந்து போன் வரும். அந்த எக்செல் எங்கே, பாஸ்வேர்டு என்ன என்பார்கள். ஒரு வாரம் பதில் சொல்லுங்கள், முடிந்தால் மெயிலிலேயே. அதற்குப் பிறகும் சனிக்கிழமை ராத்திரி அழைத்தால் எடுக்காமல் விடலாம், திங்கட்கிழமைக்குள் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.